பெரியவர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது, நான் கெட்டவளா?

திருப்பூரிலிருந்து 33 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். அவருக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவருக்கு 57 வயது, 24 வருட சர்வீஸ். மேனேஜர் நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்திருந்தவர். கம்பெனியின் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஏற்றும் புது ஈஆர்பி மென்பொருள் வந்து ஏழு மாதமாகியும் அவருக்கு அது பிடிபடவில்லை. “தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்ப்பார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்கு மண்டை காய்ந்துவிடும். துணிக்குச் சாயம் போடும் டையிங்காரரின் பில்லைக் கையில் வாங்கியதுமே ‘பிராசஸ் லாஸ் (சாயம் போடுவதில் கழியும் எடை) கூடப் போட்டிருக்கான்’ என்று சொல்லிவிடுவார், அது வேறு விஷயம்” என்று எழுதுகிறார். ஆடிட்டர் முன்னால் இவரை “அம்மிணி” என்றுதான் கூப்பிடுவாராம் அந்தப் பெரியவர். “இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கால்குலேட்டர் இல்லாட்டி கூட்டல்கூட வராது” என்பது அவருடைய தினப்படி வசனம். அவரே வாட்ச்மேனை “பெருசு” என்று அழைப்பாராம். வாட்ச்மேனுக்கு வயது 55.

போன மாதம் ஒருநாள் அந்த 57 வயதுக்காரருக்கு ஒரு என்ட்ரியை விளக்கும்போது, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லியிருக்கிறார் வாசகி. பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம். அன்றிரவு இவருக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது முதலாளி, “அவருக்கு 58 ஆகப்போகுது, பிஎஃப் பென்ஷனும் வந்துடும். வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா? மாசக் கடைசிக்குள்ள நீயே சொல்லு” என்று கேட்டிருக்கிறார்.

வீட்டில் அப்பா. 66 வயது, ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னால், “இந்த வயசுல எனக்கெதுக்கு? இன்னும் எத்தனை நாளைக்கு?” என்கிறார். பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். வெளியே போவதில்லை. மகள் கத்துகிறார், பிறகு வருத்தப்படுகிறார். அப்பாவுக்குக் குழப்பம் வேண்டாமென்று ஏடிஎம் கார்டைத் தானே வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அப்பத்தா எட்டு மாதம் படுத்த படுக்கையாக அதே வீட்டில் கிடந்து இறந்திருக்கிறார். ராத்திரி முறை முழுக்க இந்தப் பேத்திதான். “அதுக்கப்புறம்தான் யாராவது பெரியவங்க இருமினாலே எரிச்சல் வருது.”

அவருடைய கேள்விகள்: பெரியவர்களைத் தெய்வமாக நினைக்கும் பண்பாட்டில் வளர்ந்த நான் ஏன் இப்படி ஆனேன், நான் கெட்டவளா? வயதானால் மூளை மங்கும் என்பது அறிவியல்தானே, அப்படியானால் அவரை அனுப்பச் சொல்வதில் என்ன தப்பு? அப்பாவை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

கெட்டவரா, நல்லவரா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் ஒன்று உங்களுக்கு நிம்மதி வரும், இல்லையென்றால் அழுகை வரும். இரண்டாலும் ஆபீசில் இருக்கும் அந்தப் பெரியவருக்கோ அப்பாவுக்கோ ஒன்றும் ஆகப்போவதில்லை. எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாம். அதைப் பார்ப்போம்.

பண்பாடு பற்றி நீங்கள் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் முதியோருக்கு மரியாதை, மேலை நாடுகளில் அலட்சியம் என்று நாம் எல்லோரும் நம்பி வளர்ந்தோம். மைக்கேல் நார்த், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, இது உண்மையா என்று 2015இல் சரிபார்த்தார்கள். கிழக்கத்திய சமூகங்களில் முதியோர் பற்றிய எண்ணம் மேலானதாக இல்லை; மொத்தத்தில் மேற்கைவிட மோசமாகவே இருந்தது. முதியோர் எண்ணிக்கை வேகமாகக் கூடிய இடங்களில் கசப்பும் கூடுதல். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரியோ 8.6 தான். நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவரிடம் முதியோர் மீதான பாகுபாட்டு எண்ணம் ஓரளவாவது இருப்பதாகச் சொல்கிறது. ஆகவே உங்களுக்கு மட்டும் வந்த வியாதியாக இதை நினைக்காதீர்கள்.

மரியாதையும் அலட்சியமும் ஒரே மனதில் குடியிருக்க முடியும் என்பதுதான் இதில் நமக்குப் பிடிபடாத இடம். கல்யாண வீட்டில் பெரியவர் காலில் விழுவோம். பத்திரிகையில் அவர் பெயரை முதலில் போடுவோம். சாப்பாட்டுக் காண்டிராக்டரிடம் பேச மட்டும் விடமாட்டோம். ஃபிஸ்க்கும் அவருடைய சகாக்களும் 2002இல் ஒரு கணக்கு சொன்னார்கள். பிறரை நாம் இரண்டு கேள்விகளால் எடை போடுகிறோம்: இவர் நல்லவரா, இவரால் முடியுமா? முதியவர்கள் முதல் கேள்வியில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். இந்த இரண்டும் சேர்ந்தால் பிறப்பது பரிதாபம். அன்று நீங்கள் குரலை உயர்த்தி எல்கேஜி பாடம் நடத்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். அவமதிக்க நினைத்திருக்க மாட்டீர்கள், உதவத்தான் நினைத்திருப்பீர்கள். அந்த உதவிக்குள்ளேயே “உங்களால் முடியாது” என்ற தீர்ப்பு இருந்தது. அவருக்கும் அது கேட்டது, சிரித்த பையன்களுக்கும் கேட்டது.

அந்த எரிச்சலின் வேர்

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி அப்பத்தாவைப் பற்றியது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1969இல் வயதுப் பாகுபாட்டை முதன்முதலில் பெயரிட்டு எழுதியபோதே, இளையவர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும் முதுமை, நோய், இயலாமை மேல் உள்ள அருவருப்பும், சாவு பற்றிய அச்சமும்தான் இதன் அடியில் இருக்கின்றன என்றார். பின்னால் 1980களில் வேறு சில அமெரிக்க உளவியலாளர்கள் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்கள். சாவை நினைவுபடுத்தும் எதையும் மனம் தூரத் தள்ளப் பார்க்கும். நரையும் நடுக்கமும் இருமலும் அப்படி நினைவுபடுத்துபவை. “வீடு போ போங்குது, காடு வா வாங்குது” என்று கிராமத்தில் சொல்லிச் சிரிப்பதும் அந்தப் பயத்தை விரட்டத்தான்.

நீங்கள் முப்பது வயதில் எட்டு மாதம், ராத்திரி ராத்திரியாக, ஒரு உடம்பு ஓய்ந்துபோவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். துடைத்திருக்கிறீர்கள், புரட்டிப் படுக்க வைத்திருக்கிறீர்கள். காலையில் எழுந்து ஆபீசுக்கும் போயிருக்கிறீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பத்தா இறந்தபோது நீங்கள் அழுததாக ஒரு வரி இல்லை. அழ நேரம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. இருமல் சத்தத்துக்கு இப்போது வருகிற எரிச்சலில் பாதி, அந்த எட்டு மாதத்தின் களைப்பும் துக்கமும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பாதியைப் பாகுபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு வைத்தியம், யாரிடமாவது உட்கார்ந்து அதைப் பேசித் தீர்ப்பது. மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். நேரில் போவதானால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் ஆலோசனை கிடைக்கும்.

மீதிப் பாதிக்கு வேறு வேர்கள் உண்டு. ஒன்று, சின்ன வயதுப் பாடம். நான்கு வயதிலேயே குழந்தைகள் தங்கள் சமூகத்தின் வயது பற்றிய முத்திரைகளை உள்வாங்கத் தொடங்குகிறார்கள் என்கிறது நான் மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன அறிக்கை. காது கேட்காத தாத்தாவை வைத்துச் சிரிக்க வைத்த காமெடிகளை நாம் எத்தனை பார்த்திருப்போம். இன்னொன்று, இடப் போட்டி. இளையவர்கள் மூத்தவர்களிடம் மூன்று விஷயம் எதிர்பார்க்கிறார்கள் என்று நார்த்தும் ஃபிஸ்க்கும் வகைப்படுத்தியிருக்கிறார்கள்: காலாகாலத்தில் நாற்காலியை விடு, பொதுவில் இருப்பதை நீயே தின்று தீர்க்காதே, இளசுகள் மாதிரி வேஷம் போடாதே. இந்த எதிர்பார்ப்பை மீறுகிறவர்கள் மேல்தான் கோபம் அதிகம் பாய்கிறது. ஒதுங்கிக்கொண்ட தாத்தா செல்லத் தாத்தா. ஒதுங்காத சீனியர் இடைஞ்சல். உங்கள் ஆள் நாற்காலியும் கேட்கிறார், ஆடிட்டர் முன்னால் அதிகாரமும் காட்டுகிறார். எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?

அவர் ஏன் அப்படிப் பேசுகிறார்

“முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள மேனேஜரு” என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். இதுவும் வயதுப் பாகுபாடுதான், திசை மட்டும் வேறு. இதற்கும் வேர் உண்டு.

“இந்தக் காலத்துப் பசங்க” புலம்பல் ஏன் எல்லாத் தலைமுறையிலும் கேட்கிறது என்று ஜான் ப்ராட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இருவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஒருவர் எதில் கெட்டிக்காரரோ, அதில்தான் இளையவர்களைக் குறை சொல்கிறார். நிறையப் படிக்கிறவருக்கு “இவன்கள் படிப்பதே இல்லை”. பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதைப் பெரிதாக நினைக்கிறவருக்கு “மரியாதை போச்சு”. காரணம் ஞாபகத்தின் ஒரு கோளாறு. இன்றைய தன்னுடைய திறமையை, அன்றைய தன் வயதுக்காரர்கள் எல்லோர் தலையிலும் ஏற்றி நினைவுகூர்கிறோம். மனக்கணக்கில் சூரரான உங்கள் ஆளுக்கு, தன் காலத்தில் எல்லோரும் மனக்கணக்கில் சூரர்கள். அவருடைய வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர்கள் அவர் நினைவுக்கு வரமாட்டார்கள்.

வாட்ச்மேனைப் “பெருசு” என்பதை நீங்கள் வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள் தங்களை உண்மை வயதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக உணர்கிறார்கள் என்று டென்மார்க்கில் 2006இல் வெளிவந்த ஒரு ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஆளுக்கு மனதுக்குள் 45, 46தான். “வயசானவன்” என்ற முத்திரை தன் மேல் விழப்போகிறது என்று தெரிந்ததும், அதை வேறொருவர் முதுகில் ஒட்டிவிட்டு நகர்வது மனித சுபாவம். முதலாளி 58 கணக்குப் போடுவது அவர் காதுக்கு எட்டாமலா இருக்கும்? பயந்திருக்கிறார். பயந்தவர் உங்களைச் சின்னப் பிள்ளையாக்கினால்தான் அவரால் பெரிய ஆளாக நிற்க முடியும்.

இதில் நீங்கள் பெண் என்பதும் கலந்திருக்கிறது. 33 வயது ஆண் மேனேஜரை அவர் ஆடிட்டர் முன்னால் “தம்பி” என்று கூப்பிடுவாரா? கூப்பிடலாம், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கூப்பிடுவார். ஆகவே அவருடைய பயம் புரிகிறது என்பதற்காக “அம்மிணி”யைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யாரும் இல்லாத நேரத்தில், டீ வரும் வேளையாகப் பார்த்து, “சார், உங்க பாசம் எனக்குத் தெரியும்ங்க. ஆனா ஆடிட்டர், பையர் ஆளுங்க முன்னால பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நானும் அன்னைக்குப் பசங்க முன்னால உங்ககிட்ட அப்படிப் பேசினது தப்புங்க, இனி அப்படி நடக்காது” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லுங்கள். மன்னிப்பை மட்டும் கேட்டால் கோரிக்கை அப்படியே நின்றுவிடும். கோரிக்கையை மட்டும் வைத்தால் அது மேனேஜர் போட்ட உத்தரவு மாதிரி ஆகிவிடும்.

மூளை மங்குவது பற்றி

வயதானால் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனால் அது 57இல் தொடங்குவதில்லை. புதிய தகவலைக் கையாளும் வேகம் இருபதுகளிலிருந்தே மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது, உங்களுக்கும் ஆரம்பித்தாயிற்று. மறுபக்கம், சொல்வளமும் சேர்த்துவைத்த அறிவும் அறுபதுகள் வரை ஏறிக்கொண்டேகூடப் போகலாம். ஒவ்வொரு திறனுக்கும் ஒவ்வொரு உச்ச வயது உண்டு என்று ஹார்ட்ஷார்ன், ஜெர்மைன் என்ற ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். எல்லாம் ஒன்றாக மேலேறி ஒன்றாக இறங்கும் என்ற படம் தவறு.

வேலைத்திறன் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மூத்த ஊழியர்கள் பற்றிய ஆறு பொதுவான குற்றச்சாட்டுகளை, நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை வைத்து இங், ஃபெல்ட்மன் என்ற இருவர் 2012இல் சோதித்தார்கள். ஊக்கம் இல்லை, மாற்றத்தை எதிர்ப்பார்கள், உடம்புக்கு முடியாது என்பதெல்லாம் அதில் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று நின்றது: புதிய பயிற்சியில் சேர்ந்துகொள்ளும் ஆர்வம் சற்றுக் குறைவு. உங்கள் ஆளிடம் நீங்கள் பார்ப்பதும் இதுவாக இருக்கலாம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பயிற்சிக்கு அவர் பின்வாங்குவதற்கும் அங்கே சிரித்த பையன்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பக்கத்தில் நின்று பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். ஒரே வேலையை “நினைவாற்றல் சோதனை” என்று சொல்லிக் கொடுத்தபோது மூத்தவர்கள் இளையவர்களைவிடக் குறைவாகச் செய்தார்கள். நினைவாற்றல் பேச்சையே எடுக்காமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது என்று 2001இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. தன்னை வயதை வைத்து எடைபோடுகிறார்கள் என்ற நினைப்பே கையைக் கட்டிப்போடும். நீங்கள் தலைக்கு மேலே நின்றால் 57 வயதுக்காரர் இன்னும் மெதுவாகத்தான் தட்டுவார்.

அப்புறம், அந்தத் தாடையைத் தூக்கிப் பார்க்கும் விஷயம். இது மூளைக் கோளாறு மாதிரி உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது கண்ணாடிக் கோளாறு மாதிரி தெரிகிறது. இரண்டு பகுதி உள்ள கண்ணாடியில் கிட்டத்தில் படிக்கும் பவர் கீழ்ப்பக்கம் இருக்கும், அதுவும் கையில் பிடித்த புத்தகத்தின் தூரத்துக்குப் போட்டது. கம்ப்யூட்டர் திரையோ அதைவிடத் தள்ளி, கண்ணுக்கு நேராக இருக்கிறது. தாடையைத் தூக்கினால்தான் கீழ்ப்பகுதி வழியாகத் திரை தெரியும். தெரிந்தாலும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மென்பொருளில் எழுத்தைப் பெரிதாக்கி, திரையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். ஏழு மாதச் சண்டையில் ஒரு பங்கு அங்கேயே தீரலாம்.

முதலாளிக்கு என்ன பதில் சொல்வது

முதலில் சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பிஎஃப் ஓய்வூதியம் 58இல் கிடைக்கும் என்பதற்கு 58இல் வேலையை விட்டாக வேண்டும் என்று அர்த்தமில்லை. ஓய்வு வயது என்ன என்பதை அவருடைய நியமன உத்தரவிலும் கம்பெனியின் நிலையாணையிலும் (வேலை நிபந்தனைகளை எழுதிவைத்த விதிகள்) பாருங்கள். தனியார் துறையில் வயதைக் காரணம் காட்டி நீக்குவதைத் தடுக்கவென்றே ஒரு தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் 24 வருட சர்வீசுக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அவருடைய உரிமை. மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவது பின்னால் வழக்காக வந்து நிற்கும். தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் முதலாளியே ஒரு முறை பேசிவிடட்டும்.

உங்கள் பங்கு வேறு. “வெச்சுக்கலாமா, அனுப்பலாமா” என்ற கேள்விக்கு அப்படியே பதில் சொல்லாதீர்கள். அதில் வயது ஏற்கெனவே தீர்ப்பாக உட்கார்ந்திருக்கிறது. அவர் என்னென்ன வேலை செய்கிறார் என்று பட்டியல் போடுங்கள்: ஈஆர்பி என்ட்ரி, பேங்க் ஒத்திசைவு, ஜாப் ஒர்க் பில் சரிபார்ப்பு, பார்ட்டிகளோடு பேச்சு. ஒவ்வொன்றிலும் தப்பு எத்தனை, தாமதம் எவ்வளவு என்று குறியுங்கள். அதே கணக்கை மற்ற ஐந்து பேருக்கும் போடுங்கள். யார் பெயரும் தெரியாமல் எண்களை மட்டும் பார்த்தால் என்ன முடிவெடுப்பீர்களோ, அதுதான் நியாயமான முடிவு. இளையவர்களின் தப்பு “கவனக்குறைவு” என்றும், இவருடைய தப்பு “வயசாயிடுச்சு” என்றும் இரண்டு பேரேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

டையிங் பில்லை வாங்கியதும் பிராசஸ் லாஸைப் பிடித்துவிடுவதை “அது வேறு விஷயம்” என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி வேறு விஷயமாகும்? அனுப்பிய துணிக்கும் சாயம் போட்டுத் திரும்பி வந்த துணிக்கும் உள்ள எடை வித்தியாசத்தில் யார் எவ்வளவு கூட்டி எழுதுகிறார்கள் என்பது உங்கள் கம்பெனியின் பணம். எந்த நிறத்துக்கு எவ்வளவு கழியும், எந்த டையிங்காரர் எப்படி என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது, மென்பொருளில் இன்னும் ஏறவில்லை. அவர் பக்கத்தில் ஒரு பையனை உட்கார வையுங்கள். பையன் தட்டட்டும், இவர் சொல்லட்டும். மூன்று மாதத்தில் இவருக்கு மென்பொருளும் பையனுக்கு டையிங் கணக்கும் ஓரளவாவது வந்துவிடும். வெவ்வேறு வயதுக்காரர்கள் சமமான நிலையில், பொதுவான ஒரு வேலைக்காகச் சேர்ந்து உழைக்கும்போதுதான் முன்முடிவுகள் கரைகின்றன என்பது இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகத் தெரிந்த விஷயம். பொங்கலுக்குப் பெரியவர்களுக்குச் சால்வை போடுகிற விழாக்களால் அது நடப்பதாக நான் பார்த்ததில்லை.

முதலாளியிடம் மூன்று மாத அவகாசம் கேளுங்கள், கையில் பட்டியலோடு. அதற்குப் பிறகும் வேலை தேறவில்லை என்றால் அதை நேர்மையாகச் சொல்லலாம். ஒருவருடைய வேலை போதவில்லை என்று சொல்வது பாகுபாடு ஆகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நன்றாக இருந்தவர் சமீபகாலமாக, பழகிய பார்ட்டி பெயர்களையே மறக்கிறார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால், வேலைக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு அவர் குடும்பத்திடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அப்பாவுக்கு

அப்பாவின் “இந்த வயசுல எனக்கெதுக்கு” என்ற பேச்சும், உங்கள் ஆபீஸ் எரிச்சலும், அந்தப் பெரியவரின் “பெருசு”வும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வயதானவர்கள் என்றால் பாரம், முடியாதவர்கள் என்று சின்ன வயதில் நாம் வாங்கி வைத்த படம், நமக்கு வயதாகும் வரை அடுத்தவர் மேல் பாயும். வயதானதும் நம் மேலேயே திரும்பும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி இதைப் பல வருடமாக ஆராய்கிறார். ஒஹாயோவில் 50 தாண்டிய 660 பேரை வைத்து 2002இல் அவர் வெளியிட்ட ஆய்வில், தன் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நல்லதாக நினைத்தாலே ஆயுள் கூடிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணங்கள் பின்னிக் கிடப்பவை. ஆனால் “இனி எதுக்கு” என்று நினைப்பவர் மருந்தை விடுகிறார், நடப்பதை விடுகிறார், ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார். அது உங்கள் வீட்டிலேயே நடக்கிறது.

புரை விழுந்த கண்ணால் பேப்பர் படிக்க முடியாது. படி இறங்கப் பயம் வரும், எதிரில் வருகிறவர் முகம் தெரியாமல் கூச்சம் வரும். வெளியே போவது தானாக நின்றுவிடும். பார்க்கிறவர்கள் “வயசாயிடுச்சு, ஒடுங்கிட்டார்” என்பார்கள். ஒடுங்கியது கண்ணால் இருக்கலாம். அல்லது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களிடம் அது அழுகையாக வராமல் பேச்சுக் குறைவாக, “எதுக்கு” என்ற சலிப்பாக வருவது உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. “வயசானா அப்படித்தான்” என்று ஒரு மருத்துவரே சொன்னாலும் அதை ஏற்றுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று அவர் கேட்டால் வாதம் பண்ணாதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை மட்டும் செய்து வருவோம், ஆபரேஷன் முடிவு உங்களுடையது என்று சொல்லுங்கள். ஏற்கெனவே புரை ஆபரேஷன் செய்துகொண்ட மில் நண்பர் யாராவது இருந்தால் அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மகள் பத்து முறை சொல்வதைவிட “அன்னைக்கு மதியமே வீட்டுக்கு வந்துட்டேன்” என்று அவர் ஒருமுறை சொல்வது எடுபடும்.

ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். 1976இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறை, உங்கள் நேரம், உங்கள் முடிவு என்று சொல்லி ஆளுக்கொரு செடியும் கொடுத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்தில், எல்லாவற்றையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஊழியர்கள்தான். மூன்று வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாக, கலகலப்பாக இருந்தார்கள். உங்கள் அப்பா ஒரு மில்லில் ஷிப்டையே நடத்தியவர். அவருடைய பென்ஷன் பணத்தை அவர் எடுக்க முடியாது என்று நீங்கள் பாசத்தோடு முடிவு செய்திருக்கிறீர்கள். எடுக்கும்போது தப்பு வரலாம், ரகசிய எண்ணை யாரிடமாவது சொல்லிவிடலாம் என்ற பயம் நியாயமானது. தினசரி வரம்பைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், பணம் எடுத்ததும் போனுக்குத் தகவல் வரட்டும். முதல் இரண்டு முறை கூடப் போங்கள், ஆனால் எண்ணை அவரே அழுத்தட்டும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்பா எத்தனை மணிக்கு எழுகிறார், பசி எப்படி, முன்பு பிடித்த எதிலாவது இன்னும் ஆர்வம் இருக்கிறதா, செத்துப்போனால் தேவலை என்பதுபோல எப்போதாவது பேசுகிறாரா என்று கவனித்து எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது நடந்தால் மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.